116 ஏக்கர் பூங்கா எங்கே போனது?

சென்னை சென்ட்ரலில் ரயிலை விட்டு இறங்கி வெளியே வருகிறவர்களுக்கு இந்த ஊர் முதலில் காட்டுவது ஒரு வரிசைக் கட்டடங்களை. நிலையத்தை ஒட்டிப் புறநகர் ரயில் முனையத்தின் உயரமான கட்டடம். அடுத்து செங்கல் நிறத்தில் விக்டோரியா பொது மண்டபம். அதற்கும் அப்பால் வெள்ளை வெளேரென்று ரிப்பன் மாளிகை. இவற்றுக்குப் பின்னால் அல்லிக்குளம் வணிக வளாகம், நேரு ஸ்டேடியத்தின் விளக்குக் கம்பங்கள். வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு காரணத்துக்காக, வெவ்வேறு ஆட்சிகள் கட்டியவை இவை. ஆனால் எல்லாம் நிற்பது ஒரே பூங்காவின் மண்ணில்.

அந்தப் பூங்காவுக்கு பீப்பிள்ஸ் பார்க் என்று பெயர். 116 ஏக்கர். பதினொரு குளங்கள், ஐந்தரை மைல் நீளத்துக்குப் பாதைகள், பேண்டு வாத்திய மேடை, பொதுக் குளியலிடம், டென்னிஸ் ஆடுகளங்கள், ஒரு மிருகக்காட்சி சாலை. பார்க் ஸ்டேஷனில் தினம் ஏறி இறங்குகிற லட்சக்கணக்கானவர்களில் எத்தனை பேர் அந்தப் பூங்காவைத் தேடியிருப்பார்கள் என்று எனக்கு அடிக்கடித் தோன்றும். நான் தேடியிருக்கிறேன். எங்கள் குடும்பம் பூங்காவுக்குப் பக்கத்தில் சூளையில் இருந்தது. எனக்கு அது ஊர் வரலாறு மட்டுமல்ல, வீட்டுக் கதையும்கூட.

பூங்காவை உருவாக்கியவர் ஆளுநர் சர் சார்லஸ் ட்ரெவெல்யன். அவரைப் பாராட்டுவது எனக்கு எளிதாக இல்லை. 1840-களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகி மக்கள் கொத்துக் கொத்தாகச் செத்தபோது, லண்டன் கருவூலத்தில் நிவாரணப் பணத்தின் கடிவாளத்தைப் பிடித்திருந்த அதிகாரி அவர்தான். அவருடைய இறுக்கமான கையை ஐரிஷ் மக்கள் இன்றுவரை மன்னிக்கவில்லை. அதே மனிதர் 1859-இல் சென்னைக்கு ஆளுநராக வருகிறார். கல்கத்தாவிலிருந்து வந்த வருமான வரித் திட்டத்தைப் பகிரங்கமாக எதிர்த்ததால் அடுத்த ஆண்டே திரும்ப அழைக்கப்படுகிறார். ஓராண்டும் சில மாதங்களும்தான் இங்கே இருந்தார். அந்தக் குறுகிய காலத்தில், நெரிசலில் திணறிக்கொண்டிருந்த கறுப்பர் நகரத்து (இன்றைய ஜார்ஜ் டவுன்) மக்கள் மூச்சுவிட ஒரு திறந்தவெளி வேண்டும் என்று முடிவெடுத்து, அதற்கு வழியும் செய்துவிட்டுப் போனார். ஆளுநர்கள் தங்களுக்குத் தோட்டமும் தோப்பும் அமைத்துக்கொண்ட காலத்தில், மக்களுக்கென்று அரசு பூங்கா போட்டது பெரிய காரியம். இதை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும்.

பதினொரு குளங்கள் என்பதைச் சும்மா படித்துவிட்டுப் போகக்கூடாது. அந்த இடம் தாழ்வான பூமி. மழை பெய்தால் சுற்றுவட்டாரத்துத் தண்ணீர் வந்து சேருகிற இடம். பூங்காவை வகுத்தவர்கள் தண்ணீரை விரட்டவில்லை. அது தங்கக் குழிகள் கொடுத்து, அவற்றைச் சுற்றி மரங்களையும் பாதைகளையும் வைத்தார்கள். இன்றைக்கும் ஐப்பசி, கார்த்திகையில் நாலு நாள் அடைமழை பெய்தால் சைடன்ஹாம்ஸ் சாலைப் பக்கம் தண்ணீர் தேங்கி நிற்கிறது. மாநகராட்சி மோட்டார் வைத்து இறைக்கிறது. தண்ணீர் தன் பழைய இடத்துக்குத்தான் வருகிறது. இடம்தான் இல்லை.

பூங்காவில் முதலில் எழுந்த கட்டுமானங்கள் எல்லாம் பூங்காவுக்காக எழுந்தவை. வாத்திய மேடை என்றால் நாலு தூணும் ஒரு கூரையும். கேட்க வந்தவர்கள் புல்லில்தான் உட்கார வேண்டும். குளியலிடம், கூண்டுகள், காவல்காரர் தங்க ஓர் அறை. பூங்காவை எடுத்துவிட்டால் இவற்றுக்கு வேலையே கிடையாது. பின்னால் வந்த கட்டடங்கள் அப்படியல்ல. அவற்றுக்குப் பூங்கா தேவையில்லை, பூங்கா இருந்த நிலம் மட்டும் தேவைப்பட்டது. பூங்காவுக்காகக் கட்டுவது, பூங்காவில் கட்டுவது என்ற இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் பீப்பிள்ஸ் பார்க்கின் நூற்று அறுபது ஆண்டுக் கதை முழுவதும் புரிந்துவிடும் என்பது என் எண்ணம்.

மிருகக்காட்சி சாலை முதல் வகை. அதன் தொடக்கம் எழும்பூரில். அருங்காட்சியகத்தை நிர்வகித்த எட்வர்ட் பால்ஃபோர், 1855-இல் அதன் வளாகத்திலேயே விலங்குகளை வைத்து மக்களுக்குக் காட்டத் தொடங்கினார். ஆற்காடு நவாபிடமிருந்தும் விலங்குகளைக் கேட்டு வாங்கினார். சீக்கிரத்திலேயே முந்நூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் சேர்ந்துவிட்டன. 1863-இல் அந்தக் கூட்டம் அப்படியே பீப்பிள்ஸ் பார்க்குக்கு இடம் மாறியது. சென்னை மக்கள் இரண்டுக்கும் பொருத்தமாகப் பெயர் வைத்தார்கள். பாடம் செய்த விலங்குகள் இருந்த அருங்காட்சியகம் செத்த காலேஜ், உயிரோடு திரிந்த இடம் உயிர் காலேஜ். என் அப்பா கடைசிவரை உயிர் காலேஜ் என்றுதான் சொன்னார். மொட்டை மாடியில் படுத்திருக்கும் கோடை இரவுகளில், ஊர் அடங்கிய பிறகு சிங்கம் உறுமுவது சூளைவரை கேட்கும் என்பார். அந்தச் சத்தத்துக்குப் பயந்து போர்வையை இழுத்து மூடிக்கொண்ட பையன், விடிந்ததும் அதே சிங்கத்தைப் பார்க்கத் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே போவானாம். சென்ட்ரல் நிலையத்தை ஒட்டி ஒரு சிங்கம் இருந்தது என்பதை என் பிள்ளைகளிடம் சொன்னபோது அவர்கள் நம்பவில்லை.

தற்காலிகக் கட்டுமானங்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆண்டு முடிவில் பூங்காவில் பெரிய கண்காட்சி நடக்கும். ஓலைக் கொட்டகைகள், கடைகள், வேடிக்கைகள், ஊரே திரண்டு வரும். 1886 டிசம்பர் 31 அன்று அந்தக் கொட்டகைகளில் தீப்பிடித்தது. கூட்டம், ஓலை, நெருக்கடி. நூற்றுக்கணக்கானவர்கள் மாண்டார்கள். புத்தாண்டுக்குக் காத்திருந்த இரவில் சென்னை பிணங்களை அடையாளம் பார்த்துக்கொண்டிருந்தது. இந்த நகரம் கண்ட மிகப் பெரிய தீ விபத்துகளில் ஒன்று அது. இன்று அங்கே நின்றால் அதை நினைவுபடுத்த ஒன்றும் என் கண்ணில் படவில்லை. கோபுரமும் கடிகாரமும் வைக்க இடம் கண்டுபிடித்த ஊர், அந்தச் சாவுகளுக்கு ஒரு கல் நட்டிருக்கலாம்.

அந்தத் தீ பிடித்த நாளில் பூங்காவின் தென் விளிம்பில் ஒரு பெரிய கட்டடத்துக்கு ஏற்கெனவே அடிக்கல் விழுந்திருந்தது. ஊருக்கு ஒரு பொது மண்டபம் வேண்டும், கூட்டம் போடவும் நாடகம் நடத்தவும் இடமில்லை என்று 1882-இல் நகரப் பிரமுகர்கள் கூடிப் பேசினார்கள். பணம் திரட்டினார்கள். நகராட்சி பூங்காவிலிருந்து 57 கிரவுண்டு நிலத்தை 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. 1883 டிசம்பரில் ஆந்திரப் பகுதியின் விஜயநகரம் சமஸ்தான மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு அடிக்கல் நாட்டினார். வரைந்தவர் ராபர்ட் சிஷோம், கட்டியவர் நம்பெருமாள் செட்டி. ராணியின் பொன்விழாவை ஒட்டி அதற்கு விக்டோரியா பொது மண்டபம் என்று பெயர் வைத்தார்கள்.

அந்தக் கட்டடத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பஸ் சிக்னலில் நிற்கும்போது அதன் கோபுரத்தைக் கவனித்துப் பாருங்கள். உடம்பு இத்தாலியப் பாணி, தலையில் இருப்பதோ திருவிதாங்கூர்க் கோயில்களில் பார்க்கிற சரிவுக் கூரை. இரண்டும் ஒட்டாது என்றுதான் கேட்டவுடன் தோன்றும். நேரில் பார்த்தால் ஒட்டியிருக்கிறது. கூரைக்குக் கீழே சுடுமண் பட்டையில் அரபு எழுத்தணியை நினைவூட்டும் வேலைப்பாடு ஓடுகிறது. இரு பக்கமும் வளைவுகள் வரிசையிட்ட தாழ்வாரங்கள். உச்சி வெயிலிலும் அங்கே காற்று வரும். இந்த ஊரின் வெயிலைத் தெரிந்த ஒருவர் வரைந்த கட்டடம் என்பதற்கு அந்தத் தாழ்வாரங்கள் போதும்.

அதற்குள் நடந்தவற்றைச் சொல்லி மாளாது. 1897 பிப்ரவரியில், அமெரிக்காவிலிருந்து திரும்பியிருந்த விவேகானந்தர் அங்கே பேசினார். பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் தொடங்கிய சுகுண விலாச சபை பல பத்தாண்டுகள் அந்த மண்டபத்தை வீடாக வைத்துக்கொண்டது. வழக்கறிஞர்களும் உத்தியோகஸ்தர்களும் மாலையில் வேலை முடித்து வந்து வேஷம் கட்டினார்கள். நாடகக்காரன் என்றால் பெண் கொடுக்கத் தயங்கிய காலத்தில் நாடகத்துக்கு மரியாதை வாங்கித் தந்த மேடை அது. சென்னை முதன்முதலாகச் சலனப்படத்தைப் பார்த்ததும் அந்த மண்டபத்தில்தான் என்பார்கள்.

இப்படி ஒரு கட்டடத்தைப் பூங்காவில் ஏன் கட்டினீர்கள் என்று யார் கேட்க முடியும்? அங்கேதான் சிக்கல். பூங்காவை விழுங்க வந்தது ஒரு மதுக்கடையாகவோ தனியார் மாளிகையாகவோ இருந்திருந்தால் ஊர் எதிர்த்திருக்கும். வந்தது கலை மண்டபம். அடுத்து வந்தது சந்தை. பிறகு நகராட்சி அலுவலகம், பிறகு விளையாட்டு அரங்கம், பிறகு ரயில் வசதி. ஒவ்வொன்றும் மக்களுக்காகத்தான். ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம்தான் நிலம் கேட்டார்கள். மொத்தம் 116 ஏக்கர் இருக்கிறதே, அதில் 57 கிரவுண்டு போனால் என்ன? பூங்கா என்பது ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிற இடம் என்று எவருக்கும் தோன்றவில்லை. கட்டடம் இல்லாத நிலம் காலி நிலம், அவ்வளவுதான். இந்தக் கண்ணோட்டம் வெள்ளைக்காரனோடு போகவில்லை என்பதைப் பின்னால் வந்த நூறு ஆண்டுகள் காட்டின.

மூர் மார்க்கெட் 1900-இல் திறக்கப்பட்டது. பிராட்வேயில் இருந்த பழைய சந்தை சுகாதாரக் கேடாகிவிட்டது என்று, அதற்கு மாற்றாக மாநகராட்சித் தலைவர் சர் ஜார்ஜ் மூர் பெயரில் கட்டினார்கள். நடுவில் முற்றம் விட்டு நாலு பக்கமும் செங்கல் கட்டடம், இந்திய, இஸ்லாமியப் பாணிகள் கலந்த இந்தோ சாரசனிக் வளைவுகள். காய்கறிக்கும் இறைச்சிக்குமாகத் திறந்த சந்தை, காலப்போக்கில் தனக்கென்று ஒரு குணத்தைச் சம்பாதித்துக்கொண்டது. பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கடிகாரம், பித்தளைச் சாமான், கிளி, முயல், அலங்கார மீன் என்று மூர் மார்க்கெட்டில் கிடைக்காத பொருள் கிடையாது. விலை சொல்கிறவர் ஒன்று சொல்வார், கேட்கிறவர் அதில் காலே அரைக்கால் பங்கு கேட்பார். இருவரும் கோபித்துக்கொள்வது போலப் பிரிந்து, நாலு அடி போன பிறகு கூப்பிட்டுக் கொடுப்பார்கள்.

பழைய புத்தகக் கடைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கல்லூரிப் பாடநூலைப் புதிதாக வாங்க முடியாத பிள்ளைகளுக்கு மூர் மார்க்கெட்தான் நூலகம். அப்பாவின் அலமாரியில் இன்றும் இருக்கிற கணிதப் புத்தகம் ஒன்றின் முதல் பக்கத்தில் மூன்று கையெழுத்துகள். ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று மாணவர்கள் மூன்று வெவ்வேறு மையில் தங்கள் பெயரை எழுதியிருக்கிறார்கள். நாலாவது பெயர் அப்பாவுடையது. முன்னால் இருந்த பெயர்களை அவர் அடிக்கவில்லை, அவற்றுக்குக் கீழே எழுதிக்கொண்டார். கடைசி அட்டையில் கடைக்காரர் பென்சிலால் போட்ட விலை மங்கலாகத் தெரிகிறது. தேர்வு முடிந்து விற்றுவிடத்தான் வாங்கினாராம். மனம் வரவில்லை.

ரிப்பன் மாளிகைக்கு வருவோம். 1909-இல் மின்டோ பிரபு அடிக்கல், 1913-இல் ஹார்டிஞ்ச் பிரபு திறப்பு. வரைந்தவர் ஹாரிஸ், ஒப்பந்தக்காரர் லோகநாத முதலியார், செலவு ஏழரை லட்சம் ரூபாய். உள்ளாட்சிக்கு வழி திறந்த ரிப்பன் பிரபுவின் பெயரை வைத்தார்கள். அந்தத் தேர்வில் எனக்குக் குறை இல்லை. கோபுரக் கடிகாரத்தின் மணிகள் இங்கிலாந்தில் வார்த்து வந்தவை. 1688-இல் பிறந்த மாநகராட்சிக்கு இருநூறு ஆண்டுகள் கழித்துத்தான் தகுதியான ஒரு வீடு கிடைத்தது என்பதும் உண்மை. ஆனால் பூங்காவைப் பராமரிக்க வேண்டிய அமைப்பு தன் அலுவலகத்தைப் பூங்காவுக்குள்ளேயே கட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு வேறு யாராவது நிலம் கேட்டு வந்தால் எந்த வாயால் மறுப்பது? நூறு ஆண்டுகள் கழித்து அந்த மாளிகையின் பின்னால் கூடுதல் அலுவலகக் கட்டடமும் எழுந்துவிட்டது.

விளையாட்டு அரங்கத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. மைதானமாக இருந்தவரை அது பூங்காவின் குணத்தோடு ஒத்துப்போன இடம். காலரிகள் எழுந்து அரங்கமான பிறகு கதவு வந்தது, டிக்கெட் வந்தது. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தது அந்த மைதானத்தில். 2008 வரை உலகில் எவரும் அதைத் தாண்டவில்லை. 1990-களின் தொடக்கத்தில் பழைய அரங்கத்தை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். 1995-இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் அங்கே நடந்தன. ஓட்டக்காரர்களுக்கும் கால்பந்துக்காரர்களுக்கும் இந்த ஊரில் அதைவிட்டால் வேறு போக்கிடம் குறைவு. அதனால் அதன்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை.

1985-தான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த ஆண்டு மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்தது. ஜூலையில் வண்டலூரில் புதிய உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது, பீப்பிள்ஸ் பார்க்கின் கூண்டுகள் வெறுமையாயின. விலங்குகளைப் பொறுத்தவரை அது நல்ல முடிவு. வண்டலூர்க் காட்டில் 1,265 ஏக்கரை வனத்துறை ஒதுக்கியது எங்கே, சென்ட்ரல் சத்தத்துக்கும் புகைக்கும் நடுவே கம்பிக்குள் நின்றது எங்கே? சிங்கத்துக்காக நான் சந்தோஷப்படுகிறேன். ஆனால் உயிர் காலேஜ் போன கையோடு, இது பூங்கா என்று நிரூபிக்க இருந்த கடைசிப் பெரிய காரணமும் போய்விட்டது.

மூர் மார்க்கெட் எரிந்த மறுநாள் புத்தகச் சாம்பல் காற்றில் பறந்து வந்து பெரியமேட்டுத் தெருக்களில் விழுந்ததாக அப்பா சொல்லுவார். பாதி எரிந்த பக்கத்தில் எழுத்து தெரியுமாம், தொட்டால் உதிர்ந்துவிடுமாம். எரிந்தது போக நின்ற சுவர்களைச் சீராக்கி நிறுத்தியிருக்கலாம். இடித்துவிட்டார்கள். ரயில்வேக்கு இடம் போயிற்று. புறநகர் ரயில்களின் முனையம் அங்கே எழுந்தது, ரயில்வே ஆவணங்களில் அதற்கு மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் என்று பெயரும் கிடைத்தது. முனையத்தின் வெளியே சந்தையின் சின்ன மாதிரி ஒன்றைச் சிவப்பு வண்ணத்தில் கட்டி வைத்திருக்கிறார்கள். வளைவுகள், மூலைக் கோபுரங்கள் எல்லாம் அளவெடுத்துச் சுருக்கியவை. மின்சார ரயிலைப் பிடிக்க ஓடுகிற கூட்டம் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு தடவை அதன் அருகே நின்றிருந்தபோது, ஒரு சிறுவன் குனிந்து அந்தக் குட்டி வாசலுக்குள் எட்டிப் பார்த்து, உள்ளே என்ன இருக்கிறது என்று தன் அம்மாவிடம் கேட்டான். ரயில் போய்விடும் வாடா என்று அவர் இழுத்துக்கொண்டு போனார்.

கடை இழந்த வியாபாரிகளுக்கு மாநகராட்சி மாற்றிடம் கொடுத்தது. எங்கே? ஸ்டேடியத்துக்கும் ரிப்பன் மாளிகைக்கும் இடையில், பூங்காவின் அல்லிக்குளம் இருந்த இடத்தில். குளத்தைத் தூர்த்து வணிக வளாகம் கட்டினார்கள். பிறகு அதே வளாகத்தின் மாடிகளில் பெருநகரக் குற்றவியல் நீதிமன்றங்கள் வந்து உட்கார்ந்தன. அல்லிக்குளம் கோர்ட் என்று வழக்கறிஞர்கள் சொல்வது இதைத்தான். அல்லி பூத்த இடத்தில் முதலில் கடை, அதற்கு மேல் வாய்தா.

மூர் மார்க்கெட்டின் ஆவி கொஞ்சம் இன்னும் அங்கே உலவுகிறது. பழைய புத்தகக் கடைகள் சில இருக்கின்றன. கீழ்த்தளத்தில் ட்யூப் லைட் வெளிச்சத்தில், தரையிலிருந்து கூரை வரை அடுக்கிய பொறியியல் பாடநூல்களுக்கு நடுவே ஒற்றை ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற கடைக்காரரிடம் நூலின் பெயரைச் சொன்னால் போதும். எழுந்திருக்காமலே கையை நீட்டி, அடுக்கின் நடுவிலிருந்து சரியாக அதை உருவித் தருகிறார். அடுக்கு ஆடுவதில்லை. அந்தக் கைப்பழக்கம் சந்தையிலிருந்து வந்தது, கட்டடத்திலிருந்து வந்ததில்லை.

இந்தக் கதையில் நான் கண்ட உறுத்தலான விஷயம் ஒன்று. ஒரு கட்டடம் போனபோதெல்லாம் நிலம் பூங்காவுக்குத் திரும்பவில்லை. சந்தை எரிந்தது, ரயில் கட்டடம் வந்தது. பழைய ஸ்டேடியம் இடிந்தது, பெரிய ஸ்டேடியம் வந்தது. பூங்காவிலிருந்து எடுத்தது எடுத்ததுதான். வாடகைக்கு விட்ட வீடு காலியானால் சொந்தக்காரனிடம் சாவி வர வேண்டும் அல்லவா? இங்கே சாவி ஒரு குடித்தனக்காரரிடமிருந்து அடுத்த குடித்தனக்காரருக்குப் போனது.

சட்டம் இல்லாமல் இல்லை. பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகளைப் பாதுகாக்க 1959-இல் இந்த மாநிலம் தனிச் சட்டமே இயற்றியது. ட்ரெவெல்யன் வந்து சரியாக நூறு ஆண்டு. அந்தச் சட்டம் வந்த பிறகுதான் அல்லிக்குளம் தூர்க்கப்பட்டது என்பதை நினைத்தால் மனம் கசக்கிறது.

மெட்ரோ ரயில் வந்தபோது மறுபடியும் பயம் பிடித்தது. சென்ட்ரல் மெட்ரோ நிலையத்துக்காகப் பூமியைக் குடைந்த காலத்தில், விக்டோரியா மண்டபத்தின் பழைய சுண்ணாம்புச் சுவர்கள் தாங்குமா என்ற கவலை ஊரில் பரவலாக இருந்தது. மண்டபம் தாங்கியது. 2018-இல் நிலையம் திறந்தது. அதன் மேல்தளத்தில் சென்ட்ரல் சதுக்கம் என்று நடைபாதையும் செடிகளும் உட்கார இடமுமாக ஒரு திறந்தவெளி அமைந்தது. பூங்கா அல்ல, ஆனாலும் மாலை நேரத்தில் ரயிலுக்குக் காத்திருக்கிறவர்கள் அங்கே மூட்டை முடிச்சோடு காற்று வாங்குவதைப் பார்க்க நன்றாக இருக்கிறது. விளம்பரப் பலகைகளும் கடைகளும் மறைத்துக் கிடந்த விக்டோரியா மண்டபத்தை மாநகராட்சி 2023-இல் முறையாகப் புதுப்பிக்க எடுத்துக்கொண்டதையும் மனமாரச் சொல்ல வேண்டும். சுண்ணாம்புக் கட்டடத்துக்குச் சிமென்ட் பூசுவது மெல்லக் கொல்வதற்குச் சமம். சுண்ணாம்பு மூச்சுவிடும், ஈரத்தை வாங்கி வெளியே தள்ளும். சிமென்ட் ஈரத்தை உள்ளேயே பூட்டிச் செங்கல்லை உதிர வைத்துவிடும். இது தெரிந்த கைகளிடம் நம் பழைய கட்டடங்கள் போய்ச் சேர வேண்டும் என்பது என் பெரிய ஆசை.

நான் எந்தக் கட்டடத்தையும் இடிக்கச் சொல்லவில்லை. விக்டோரியா மண்டபமும் ரிப்பன் மாளிகையும் இன்று நம் சொத்து. அவற்றின் மேல் கைவைக்க வந்தால் முதல் ஆளாக நான் போய் நிற்பேன். ஆனால் மிச்சமிருக்கும் மண்ணைப் பற்றிப் பேசலாம். ஸ்டேடியத்தை ஒட்டி மை லேடீஸ் பூங்கா என்று ஒரு துண்டு பிழைத்துக் கிடக்கிறது. காலையில் பெரியமேட்டுப் பெரியவர்கள் நடக்கிறார்கள். மதியத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், வேலை தேடி ஊரிலிருந்து வந்தவர்கள் மர நிழலில் துண்டை விரித்துப் படுக்கிறார்கள். ட்ரெவெல்யன் நினைத்த வேலையை 116 ஏக்கரின் இந்த எச்சம் இன்னமும் செய்துகொண்டிருக்கிறது. நாளைக்கு வாகன நிறுத்தத்துக்கோ உணவு வளாகத்துக்கோ அதில் கொஞ்சம்தான் கேட்கிறோம் என்று யாராவது வந்தால், இதுவரை கொடுத்த கணக்கை எடுத்து மேசைமேல் வைக்க வேண்டும்.

நிலம் திரும்பி வராது என்று எவரும் சொல்ல வேண்டாம். கதீட்ரல் சாலையில் 1960-களிலிருந்து டிரைவ்-இன் ஓட்டல் இருந்த இடம், அது 2008-இல் மூடிய பிறகு, 2010-இல் செம்மொழிப் பூங்கா ஆனது. கார்கள் வரிசையாக நின்ற தரையில் இன்று செடிகள் நிற்கின்றன. ஷெனாய் நகரில் மெட்ரோவுக்காகத் தோண்டிய திரு.வி.க. பூங்கா, பத்தாண்டுக்கு மேல் மூடிக் கிடந்த பின் மக்களுக்குத் திரும்பக் கிடைத்தது. பழைய மரங்கள் கிடைக்கவில்லை, நிலமாவது கிடைத்தது. மனம் வைத்தால் அரசால் முடிகிறது.

அதனால் என் கோரிக்கை அல்லிக்குளத்தைப் பற்றியது. அந்த வளாகம் மாநகராட்சியின் சொத்து. அதற்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது. நீதிமன்றங்கள் என்றைக்காவது தங்களுக்கென்று நல்ல கட்டடத்துக்குப் போகும், போகவும் வேண்டும். வழக்குக்கு வந்தவர்கள் படிக்கட்டில் நின்று வாதாடுகிற நிலை யாருக்கும் பெருமையில்லை. புத்தக வியாபாரிகளுக்கு அதே வட்டாரத்தில், அவர்கள் சம்மதிக்கிற இடத்தில் கடைகள் கொடுத்துவிட்டு, அந்தக் கட்டடத்தின் கதை முடிகிற நாளில் வேறொரு கட்டடத்துக்கு டெண்டர் விடாமல் இருந்தால் போதும். அங்கே தோண்டுங்கள். பூமி தாழ்வானது, மழைநீர் தானாக வந்து சேரும், சைடன்ஹாம்ஸ் சாலையில் மோட்டார் வைத்து இறைக்கிற வேலையும் அந்த அளவுக்குக் குறையும். ரிப்பன் மாளிகையில் இருப்பவர்கள் இதற்காகத் தூரம் போய் ஆய்வு செய்ய வேண்டியதில்லை. பின்பக்க ஜன்னலைத் திறந்தால் இடம் தெரியும்.